அம்மாவின் மடியில் ஹம்பி!

லீவு முடிந்து வீடு வந்து சேர்ந்தாயிற்று. அழுக்குத் துணி மூட்டை ஒரு மூலையில், மீந்துபோன முறுக்கு டப்பா இன்னொரு மூலையில். குழந்தைகளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு ஆபீஸ். செல்போனைத் திறந்தால் அறுநூறு எழுநூறு படங்கள்!

"எல்லாம் நல்லபடியா பார்த்தீங்களா?" என்று வீட்டுப் பெரியவர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். நமக்கோ ஒரு கண் அடுப்பில், ஒரு கண் கடிகாரத்தில். "இது கோபுரம், இது தேர், இது மண்டபம், இதுவும் மண்டபம்..." என்று விரலால் சர்சர்ரென்று தள்ளுகிறோம். மூன்றே நிமிஷத்தில் மூன்று நாள் பிரயாணம் முடிந்துவிடுகிறது! "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பாவம், அவர்கள் பார்த்ததெல்லாம் நம்முடைய விரலைத்தான்!

சகோதரிகளே, முழங்கால் வலியாலோ, மூச்சு வாங்குவதாலோ, துணைக்கு ஆள் இல்லாததாலோ வீட்டோடு இருந்துவிட்ட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நாம் எடுத்து வரும் படங்கள்தான் பிரயாணம். அதிலும் ஹம்பி போன்ற ஊருக்குப் போய்விட்டு வந்தால் விஷயம் கொஞ்சம் கூடுதல். கடற்கரைப் படத்துக்கு விளக்கம் தேவையில்லை. இடிந்த ஊரின் படம் அப்படியல்ல. சொல்ல ஒருவரும் கேட்க ஒருவரும் இருந்தால்தான் கல் பேசும்.

சென்ற குளிர்கால லீவில் நாங்கள் ஹம்பி போயிருந்தோம். ஹொஸப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். துங்கபத்திரைக் கரையில் 40 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது அந்தப் பழைய தலைநகரம். பாறை, படி, மேடு, வெயில்! திருச்சியில் இருக்கும் என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் விஜயநகரப் பாடம் படித்ததோடு பள்ளிக்கூடம் நின்று கல்யாணமும் ஆனவர். "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க" என்று வழியனுப்பினார். அந்த "எனக்கும் சேர்த்து" என்ற வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

கிளம்பும்போதே நினைவு வையுங்கள்

அம்மாவுக்குக் காட்டப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் படம் எடுப்பதே மாறிவிடும். சிற்பத்தின் முன் நின்று நம் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டோம். அவர்கள் வந்திருந்தால் என்ன கேட்பார்கள் என்று யோசிப்போம். "எங்க தங்கினீங்க? என்ன சாப்பிட்டீங்க? தண்ணி நல்லா இருந்துச்சா? கோயில்ல விளக்கு ஏத்துறாங்களா?"

எனவே தங்கிய அறையின் வாசல், சாப்பிட்ட ஜோள ரொட்டி, படகுத் துறையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசல், வழியில் வெள்ளரிக்காய் விற்ற அம்மாள் (அவரிடம் கேட்டுக்கொண்டுதான்!) என்று சில படங்கள் எடுத்தோம். கோபுரத்தையும் மண்டபத்தையும் விட அம்மா இவற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார். நாம் நின்ற இடத்தில் தானும் நிற்க அவர்களுக்கு ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் இந்தச் சின்னப் படங்கள்.

எழுநூறில் முப்பது

எல்லாவற்றையும் காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. எழுநூறு படத்திலிருந்து முப்பதைப் பொறுக்குங்கள். ஒரே மண்டபத்துக்கு ஒரே படம் போதும். முதலில் தூரத்திலிருந்து, பிறகு வாசல், பிறகு உள்ளே, கடைசியில் ஒரு சிற்பம் என்று நடந்து போன வரிசையிலேயே அடுக்குங்கள். பிறகு போட்டோ ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். செல்போன் திரையில் பெரியவர்கள் கை பட்டதும் படம் ஓடிவிடுகிறது. அவர்களுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. காகிதம் ஓடாது! மடியில் வைத்துக்கொள்ளலாம். திரும்பிப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

முப்பது படத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடாதீர்கள். நாங்கள் திருச்சியில் இருந்த நாலு நாளும் சாயங்காலக் காப்பிக்குப் பிறகு ஏழெட்டுப் படங்கள்தான். மறுநாளைக்கு என்ன வரும் என்று அம்மா காத்திருந்தார். தொடர்கதைக்குக் காத்திருப்பது போல!

இலை போட்ட கல்

முதல் நாள் கல்ரதம். விட்டலர் கோயில் முற்றத்தில் நிற்கும் அந்த ரதத்தைப் பார்த்ததும், "இது அம்பது ரூபா நோட்டுல இருக்கே!" என்றார் அம்மா. ஆமாம், 2017-ல் வந்த நீல நிற ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருப்பது இந்த ரதம்தான். சுருக்குப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள் பாட்டியும் பேரனும்.

"உள்ள சாமி இருக்கா?"

"விட்டலர் கோயில்ல மூலவர் இல்லம்மா. பூஜை கிடையாது. விரூபாட்சர் கோயில்ல இன்னிக்கும் பூஜை நடக்குது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "விளக்கில்லாத கோயிலை இவ்வளவு அழகா வச்சிருக்காங்களே" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் காட்டியது ஒரு சாதாரணக் கல் வரிசை. ஒரு வாய்க்காலின் இரு பக்கமும் வரிசையாகத் தட்டுகள் செதுக்கியிருக்கிறார்கள். சோற்றுக்குப் பெரிய பள்ளம், கறி, கூட்டுக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள். போஜனசாலை என்று அங்கே சொல்கிறார்கள். நாங்கள் ஐந்து நிமிஷத்தில் கடந்து வந்த இடம்! அம்மா அரை மணி நேரம் விடவில்லை. "இதுல ரசம் ஊத்தினா நிக்குமா? வாய்க்கால் கை கழுவவா, தட்டைக் கழுவவா? எத்தனை பேருக்கு ஒரே பந்தி? இத்தனை பேருக்குச் சமைச்சவ எந்தப் பக்கம் நின்னிருப்பா?" சரித்திரப் புத்தகத்தில் ராஜா எத்தனை யானை வைத்திருந்தார் என்று இருக்கும். சமைத்தவள் எங்கே நின்றாள் என்று கேட்க ஒரு அம்மாதான் வேண்டும்.

ராணி குளியல் மண்டபத்தின் படத்திலும் அதே கதைதான். நடுவில் பெரிய தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம். "இவ்வளவு தண்ணிய யாரு சுமந்து ஊத்துறது?" என்றார். நல்ல வேளையாக அதற்குப் பதில் சொல்லும் படம் கையில் இருந்தது. கல் தூண்களின் மேல் நீளமாக ஓடும் கல் வாய்க்கால்! அந்த ஊரில் குளத்துக்கும் தொட்டிக்கும் இப்படித்தான் தண்ணீர் வந்திருக்கிறது. விஜயநகரத்தார் வெட்டிய கால்வாய்களில் சில இன்றும் ஓடுகின்றன. படத்தில் இடிந்த மதிலுக்குப் பின்னால் பச்சையாகத் தெரியும் வாழைத் தோட்டம் அந்த மாதிரித் தண்ணீரில் விளைவதுதான். "அரண்மனை போச்சு, வாய்க்கால் நிக்குது பாரு" என்றார் அம்மா.

நாலு வரிக் கதை போதும்

படம் காட்டுகிறவருக்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். அதிகம் வேண்டாம். விஜயநகரம் 1336-ல் தோன்றியது. கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். 1520-ஐ ஒட்டி அங்கே வந்த போர்த்துகீசிய யாத்திரிகர் டொமிங்கோ பயஸ், கடைத்தெருவில் ரத்தினங்களும் முத்துக்களும் துணிமணிகளும் விற்றதை எழுதி வைத்திருக்கிறார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் தக்காணத்து சுல்தான்களின் கூட்டுப் படையிடம் தோற்றதும் தலைநகரம் சூறையாடப்பட்டது, மக்கள் வெளியேறினார்கள். 1986-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு போதும்.

உக்கிர நரசிம்மரின் படம் வந்தபோது இந்தக் கதைக்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது. 6.7 மீட்டர் உயரம், 1528-ல் வடித்தது. முதலில் அது லட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த தாயார் சிலை உடைந்துவிட்டது. அவளுடைய ஒரு கை மட்டும் இன்னும் அவர் முதுகை அணைத்தபடி இருக்கிறது. அதைத் தனியாக ஒரு படம் எடுத்திருந்தோம். அப்பா காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. அம்மா அந்தப் படத்தை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

குதிரை சொன்ன கதை

மூன்றாம் நாள். விட்டலர் கோயில் மண்டபத் தூண்கள். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் யாளிகள், மேலே வீரர்கள். அம்மா படத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"ஏன்டி, இது நம்ம ஸ்ரீரங்கத்துக் குதிரைங்க மாதிரியில்ல இருக்கு?"

உண்மைதான். ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்களும் விஜயநகரக் கலை வழியில் வந்தவைதான். வேலூர்க் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத்திலும் இந்த யாளிகளைப் பார்க்கலாம். ஹம்பியின் ராஜ்யம் நம் ஊர் வரைக்கும் நீண்டிருந்ததே! இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீ மூணு மாசக் குழந்தை. ஏகாதசிக் கூட்டம். உங்க அப்பத்தாவோட போனேன். கூட்டத்துல கை விட்டுப் போச்சு. அந்தக் குதிரைத் தூணுக்குக் கீழே உன்னை மடியில போட்டுக்கிட்டு உக்காந்தேன். ரெண்டு மணி நேரம்."

"தேடினாங்களாம்மா?"

"தேடினாங்க. நான்தான் பார்த்தும் கூப்பிடலை." அம்மா படத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்த வீட்டுக்குத் திரும்ப வேணாம், பஸ் ஏறி எங்க அம்மாகிட்ட போயிடலாம்னு நெனைச்சேன். மடியில டிக்கெட்டுக்குக் காசுகூட இருந்துச்சு. குதிரைக் காலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் நீ பாலுக்கு அழுதே. எழுந்து போயிட்டேன்."

இத்தனை வருஷத்தில் என் காதில் விழாத சங்கதி! நல்ல மருமகள், பொறுமைசாலி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய அம்மா. அந்த இருபத்தொரு வயதுப் பெண்ணை எனக்குத் தெரியவே தெரியாது. ஹம்பியில் எடுத்த ஒரு கல் குதிரை வந்து அவளை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அன்றைக்கு அடுத்த படத்தை எடுக்கவில்லை. காப்பி ஆறிப் போயிருந்தது. மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். "சர்க்கரை கம்மியா போடுடி" என்றார், எப்போதும்போல.

படம் காட்டுவதின் பலன் இதுதான் சகோதரிகளே! நாம் பார்த்ததைச் சொல்லத் தொடங்குகிறோம். அவர்கள் பார்த்தது, பட்டது வெளியே வருகிறது. அப்படி வரும்போது நம் கதையை நிறுத்திவிட வேண்டும். "அப்புறம்?" என்ற ஒரு வார்த்தை போதும். குறுக்கே புத்தி சொல்ல வேண்டாம். "அதையெல்லாம் ஏன் இப்ப நினைக்கிறே?" என்று வாயை அடைக்கவும் வேண்டாம்.

வயதானவர்கள் பழசையே பேசுவது மூளைத் தளர்ச்சி என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அது வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தனக்குத்தானே கணக்குத் தீர்த்துக்கொள்ளும் இயல்பான காரியம் என்று எழுதினார். பழைய படங்களையும் பொருள்களையும் காட்டிப் பேச வைப்பதை இன்று முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒரு சிகிச்சை முறையாகவே செய்கிறார்கள். பேசியபின் மனசு லேசாவதுதான் வழக்கம். அழுகை நாள்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கண்ணுக்கு இதமாக...

* வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து படத்தின்மேல் விழட்டும், முகத்தில் அடிக்கக்கூடாது.

* கண்புரை இருந்தால் பளபளப்பு கூசும். ஸ்டூடியோவில் பளபளப்பில்லாத மேட் காகிதம் கேளுங்கள். 4-க்கு 6 அங்குலம் போதாது. 5-க்கு 7 அல்லது 6-க்கு 8 நல்லது.

* இடிந்த கோயில் படங்களில் கல்லும் பாறையும் ஒரே நிறமாக இருக்கும். காலை, மாலை வெயிலில் எடுத்த படங்களைத் தேர்ந்தெடுங்கள். நிழல் விழுந்தால்தான் சிற்பம் எழும்பித் தெரியும்.

* காது மந்தமானால் எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசுங்கள். கத்த வேண்டாம். டி.வி.யை நிறுத்திவிடுங்கள்.

* மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு காட்டுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு களைப்பு வந்துவிடும். அரை மணி நேரம் போதும்.

மறதி உள்ள பெரியவர்களுக்கு

ஞாபக மறதி நோய் உள்ளவர்களிடம் படத்தைக் காட்டி, "இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்!" என்று பரீட்சை வைக்கக்கூடாது. தெரியாமல் தவிப்பார்கள், அவமானப்படுவார்கள். "இதோ நம்ம சின்னவன், பாறைமேல ஏறி நிக்கிறான்" என்று நாமே சொல்லிவிட்டால் நிம்மதி. பேரனை அவர்கள் தம்பி என்று நினைத்துக்கொண்டால்கூட உடனே திருத்த வேண்டாம். தம்பியைப் பற்றிப் பேசட்டுமே! ஒரு தடவைக்கு மூன்று நான்கு படம்தான். நேற்றுக் காட்டியதையே இன்றும் காட்டலாம். அவர்களுக்கு அது புதுசு. நமக்குத்தான் பொறுமை வேண்டும்.

தலைகீழ்க் கோபுரம்

குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரூபாட்சர் கோயிலில் ஓர் அதிசயம் உண்டு. சுமார் 50 மீட்டர் உயரமுள்ள ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரத்தின் நிழலுருவம், உள்ளே ஓர் இருட்டறைச் சுவரில் தலைகீழாக விழுகிறது! சின்னத் துவாரம் வழியாக ஒளி நேர்க்கோட்டில் நுழைவதால், மேலே இருப்பது கீழே விழுகிறது. கீழே இருப்பது மேலே விழுகிறது. கேமராவின் தத்துவமும் இதுவேதான்.

நாலாம் நாள் பேரப்பிள்ளைகள் இதைப் பாட்டிக்குச் செய்து காட்டினார்கள். வெயில் நேரத்தில் ஒரு அறையின் ஜன்னலை அட்டையால் முழுக்க மறைத்து, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை. எதிரே வெள்ளை வேட்டி. சற்று நேரத்தில் இருட்டு பழகியதும், வெளியே இருந்த தென்னைமரம் வேட்டியில் தலைகீழாக ஆடியது! "எங்க பெரிய வீட்டு நெல்லு ரூம்ல தெருவுல போற மாட்டுவண்டி இப்படித்தான் சுவத்துல தலைகீழா போகும். பேய்னு ஓடுவோம்!" என்று பாட்டி சிரித்தார். நீங்களும் செய்து பாருங்கள். செலவில்லாத சினிமா!

பத்திரமாக வையுங்கள்

ஒட்டும் பசைத் தாள் ஆல்பம் வேண்டாம். நாளடைவில் படம் மஞ்சளாகிவிடும். உறையில் சொருகும் ஆல்பமே நல்லது. சமையலறைப் பரணிலும் ஈரச் சுவர் அலமாரியிலும் வைக்காதீர்கள். படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, படத்தோடு சேர்த்து உறைக்குள் வையுங்கள். இடமும் தேதியும் மட்டும் எழுதினால் போதாது. அம்மா அப்பா அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னதையும் அவர்கள் பேச்சிலேயே இரண்டு வரி எழுதுங்கள். (வெளியில் சொல்லக்கூடாத கதையாக இருந்தால் அது உங்கள் மனதிலேயே இருக்கட்டும்.)

ஏன் இவ்வளவு சிரமம் என்கிறீர்களா? 1856-ல் சென்னைப் படையில் இருந்த அலெக்ஸாண்டர் கிரீன்லா என்ற அதிகாரி ஹம்பியை, மெழுகு பூசிய காகித நெகடிவில் படம் பிடித்தார். அந்தப் படத்தில் கல்ரதத்தின் தலையில் செங்கல் விமானம் ஒன்று இருக்கிறது. இன்று அது இல்லை! 1983-ல் ஜான் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் கிரீன்லா நின்ற அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்த படங்களோடு ஒப்பிட்டால், எது நிற்கிறது, எது போயிற்று என்று தெளிவாகத் தெரிகிறது. கிரீன்லாவின் காகிதம் போன்ற பழைய படங்கள் இல்லையென்றால், அந்த விமானத்தை நம்மால் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

கல்லுக்கே இந்தக் கதி. மனிதர்களுக்குச் சொல்ல வேண்டுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனில் தூங்கும் படங்களிலிருந்து முப்பதைப் பொறுக்கி ஸ்டூடியோவுக்கு அனுப்புங்கள். காப்பி போடுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் படத்தை மடியில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நீங்கள் பேசாமல் இருங்கள்.